டேப்பட் சத்தம் கேட்கிறவரை பயமில்லை

சாவியைத் திருப்பினால் என் பழைய மோரிஸ் மைனர் கார் ஸ்டார்ட் ஆகாது. முதலில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் பொருத்திய பெட்ரோல் பம்ப் அது. தொடக்கத்தில் படபடவென்று அடிக்கும், போகப்போக நிதானமாகும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். நின்ற பிறகுதான் சோக்கை வெளியே இழுத்து, செல்ஃப் குமிழைப் பிடித்து இழுப்பேன். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சத்தமே வரவில்லை என்றால் பம்புக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் கரிபிடித்துக் கிடக்கும். ஸ்பேனர் கைப்பிடியால் பம்பின் மண்டையில் லேசாக ஒரு தட்டு தட்டினால் உயிர் வந்துவிடும். வீடு போய்ச் சேர அது போதும். அப்புறம் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பத்து விநாடிக்குள் வண்டி தன் உடல்நிலையை எனக்குச் சொல்லிவிடுகிறது. புதுக் கார்களில் இந்த வேலையை டேஷ்போர்டு விளக்குகள் செய்கின்றன. இதில் இருப்பவை ஒரு வேகமானி, ஒரு பெட்ரோல் முள், ஆயில் அழுத்தத்துக்கும் சார்ஜுக்கும் சின்ன விளக்குகள். தண்ணீர் சூட்டைக் காட்ட முள் கிடையாது. மற்றதையெல்லாம் காதாலும் மூக்காலும் உட்கார்ந்திருக்கும் இடத்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வண்டி 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. எஞ்சின் 948 சிசி, 37 குதிரைத்திறன். கறாராகப் பேசுகிறவர்கள் இதை விண்டேஜ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1919 முதல் 1930 முடிய செய்தவைதான் விண்டேஜ், பின்னால் வந்தவை வேறு கணக்கு என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் தெருவில் நிறுத்தினால் கூடுகிறவர்கள் எல்லாரும் ‘விண்டேஜ் கார்’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ், பிற்பாடு மினியைச் செய்தவர். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இது வெளிவந்தது. அதற்கு முன் மாதிரி வண்டியைப் பார்த்த இஸ்ஸிகோனிஸுக்கு அதன் அகலம் பிடிக்கவில்லை. நெடுவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் இடைவெளி வந்த இடத்தில் போதும் என்றிருக்கிறார். என் வண்டியின் பானெட்டுக்கு நடுவே நெடுக ஓடும் அந்தப் பட்டை மேடு அதன் மிச்சம்தான். வண்டி துடைக்கும்போதெல்லாம் துணி அந்த மேட்டில் ஏறி இறங்கும்.

இது பெரியப்பாவின் வண்டி. அவருக்குக் கண் மங்கியதும் ஓட்டுவதை நிறுத்தினார், விற்க மட்டும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். “உசுரோட வெச்சிருக்கேன்டா” என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு பேட்டரி போயிற்று, அவருக்கும் நடமாட்டம் குறைந்தது. மொத்தம் பதினோரு வருடம் வண்டி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

என் கைக்கு வந்ததும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்க வெண்ணெய் மாதிரி ஒரு பசை. தண்ணீரும் ஆயிலும் கடைந்த பசை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழல் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். வண்டி அரை மணி நேரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி அந்தத் தண்ணீரும் ஆவியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் அப்படியே தங்கிவிடும். புகைக்குழலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பெரியப்பா வாரா வாரம் பாசத்தோடு செய்த காரியம் எஞ்சினுக்குள் தண்ணீர் ஊற்றும் வேலையாகத்தான் முடிந்திருக்கிறது. அவரிடம் இதை நான் சொல்லவில்லை.

நின்ற வண்டியை எழுப்புகிறவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினுக்குத்தான் போவார்கள். எனக்கும் கை அரித்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார். “ஓடாத வண்டியால ஒரு ஆபத்தும் இல்ல தம்பி. நிக்காத வண்டிதான் ஆபத்து. பிரேக்கப் பாரு மொதல்ல.”

மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் எங்கே இருக்கும் என்று தெரியாதவர்கள் பானெட்டுக்குள் தேடிச் சலிப்பார்கள். ஓட்டுநரின் காலடியில், தரைத் தகரத்துக்குக் கீழே, சேஸிஸுக்குள் பதுங்கியிருக்கிறது. விரிப்பைத் தூக்கி, ஒரு சின்ன மூடியைக் கழற்றி, அதன் வழியாகத்தான் பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும். யாரும் அடிக்கடி தூக்கிப் பார்க்காத இடம் என்பதால் எல்லா மைனரிலும் பட்டினி கிடப்பது அதுதான். நான் திறந்தபோது உள்ளே இருந்தது கருங்காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டர் சுவரை அரித்துக் குழி போடும். குழியில் ரப்பர் வாஷர் உரசி உரசிக் கிழியும். நான்கு சக்கரத்தில் மூன்றில் வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகிப்போய் அசையவே இல்லை. நான்காவது அசைந்தது, ஒழுகியது. இந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே குழாய்த் தொடர்தான். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும். அதனால் பாதி மாற்றினேன், பாதி பிறகு பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலையும் மாற்றிவிடுகிறேன், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

எஞ்சின் வேலை அதைவிடச் சுலபமாக முடிந்தது. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டோம். பிறகு முன்பம்பருக்கு அடியில் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றினேன். முதலில் பிடிவாதம், அப்புறம் ஒரு முனகல், அப்புறம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கைப்பிடி சுற்றுவதில் ஒரு பாடம் உண்டு. கட்டைவிரல் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டோடு போகும். 1912ஆம் ஆண்டு கேடிலாக்கில் மின்சார செல்ஃப் வரும்வரை கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தினமும் எடுத்த அபாயம் இது. அவசரத்துக்கு இன்னமும் கைப்பிடி டிக்கியில் கிடக்கிறது. இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு கியர். கியர் பற்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் கிடையாது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது முதலுக்கு மாற்றினால் கறகறவென்று பல் அரைக்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். டபுள் கிளட்ச் பழக வேண்டும். கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மூச்சு கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்து முதலில் போடுவது. எழுதும்போது நீளமாக இருக்கிறது, காலுக்குப் பழகிவிட்டால் ஒரு விநாடி. அந்த ஒரு மூச்சு எவ்வளவு என்பதை யாரும் சொல்லித்தர முடியாது. கியர் லீவர் தானாக உள்ளே விழுந்தால் சரியாகக் கொடுத்தோம்.

பிரேக் நாலும் டிரம், உதவிக்கு சர்வோ கிடையாது. மிதிப்பது முழுக்க நம் கால் பலம். நல்ல நிலையில் இருந்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் பக்கத்தில் வரும் புது வண்டி நிற்கும் தூரத்தில் நிற்காது. முன்னால் போகிறவருக்கும் எனக்கும் நடுவே நான் விடும் இடைவெளியில் யாராவது ஒருவர் நுழைந்துகொண்டே இருப்பார், நான் மறுபடி பின்வாங்குவேன். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது நல்லது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறும், ஷூவின் பிடி தளரும். ஆயிலில் ஈரம் இருந்தால் அது ஆவியாகி, மிதி தரையைத் தொடும். பிரேக் செட் செய்வது எளிது, ஆனால் நாலு சக்கரத்துக்கும் ஒரே பொறுமையோடு செய்ய வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே போய், சக்கரம் பிடித்துக்கொண்டதும் சுதந்திரமாகச் சுற்றும்வரை ஒவ்வொரு பல்லாகப் பின்னால் விட வேண்டும். ஒரு பக்கம் கூடக்குறைய விட்டால் மிதித்ததும் வண்டி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இழுக்கும்.

சரி, கண்டன்சர் என்ற சின்ன மின்சாமானின் கதைக்கு வருகிறேன். இந்த வண்டியில் நான் கற்றதில் பாதி அந்த இரண்டு மாதத்தில் கற்றது.

வண்டி நன்றாக ஓட ஆரம்பித்திருந்த சமயம். எனக்குத் திடீரென்று அக்கறை பொங்கியது. பழைய சாமான் எப்போது காலை வாருமோ என்று பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக், பிளக் வயர் எல்லாவற்றையும் வாங்கி ஒரே மாலையில் மாற்றினேன். பழையவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன். பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அளந்துதான் வைத்தேன். பொறி விழும் நேரமான டைமிங்கையும் பல்ப் கட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். மூன்று வாரம் பட்டு மாதிரி ஓடியது.

பிறகு ஒரு மதியம், கிளம்பி இருபத்தைந்து நிமிடம் இருக்கும், இரண்டு முறை இருமிவிட்டு வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் ஓரமாக நின்றேன். அடித்ததும் ஸ்டார்ட் ஆயிற்று, ஒன்றுமே நடக்காதது போல வீடு வந்து சேர்ந்தது. அடுத்த வாரமும் அதேதான். வெயிலில் நின்றது, ஆறியதும் கிளம்பியது.

நின்ற இடத்தில் வருகிற மருத்துவர்களுக்குக் குறைவில்லை. எல்லாரும் ஒரே வாக்காகச் சொன்னது வேப்பர் லாக். குழாயில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்பார்கள். இன்றைய பெட்ரோல் எளிதில் ஆவியாகும் என்பதும் எத்தனால் கலப்பதும் உண்மைதான், அதனால் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஈரத்துணியை எடுத்துப் பம்பின்மேலும் குழாயின்மேலும் சுற்றினேன். பதினைந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆயிற்று. நோய் இன்னதென்று ஊர்ஜிதமாகிவிட்டது என்று மனதுக்குள் கொண்டாட்டம். துணி சுற்றாமல் சும்மா நின்றிருந்தாலும் அதே பதினைந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. ஈரத்துணி என்னை ஒரு மாதம் ஏமாற்றியது.

அந்த ஒரு மாதத்தில் பெட்ரோல் குழாயைப் புகைக்குழலிலிருந்து விலக்கி வளைத்தேன். அதற்கு வெப்பம் தாங்கும் உறை போட்டேன். டாங்க் மூடியின் காற்றுத்துளையைக் குத்திப் பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். எஸ்.யு. கார்புரேட்டரைக் கழற்றுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு, ஒத்துக்கொள்கிறேன். அதன் மணி போன்ற மூடிக்குள் ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூராக்கிய ஒரு ஊசி, ஊசி இறங்கும் ஜெட், அவ்வளவுதான். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் மேலே எழும், ஊசி அந்த அளவுக்குப் பெட்ரோலுக்கு வழிவிடும். பக்கவாட்டில் உள்ள சின்னக் குச்சியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் போலத் தூக்கிப் பார்த்தால் கலவை தெரிந்துவிடும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணையப் போனால் குறைவு, ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரி. எனக்கு அது சரியாகவே இருந்தது. அப்போதாவது கார்புரேட்டரை விட்டிருக்கலாம். விடவில்லை. மறுபடியும் கழற்றினேன்.

கடைசியில் மெக்கானிக் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிற்கும்வரை ஓட்டுவது என்று கிளம்பினேன். சொல்லிவைத்தது போல நின்றது. அவர் கார்புரேட்டர் பக்கமே திரும்பவில்லை.

“நின்ன உடனே ஸ்பார்க் இருக்கான்னு ஒரு தடவையாவது பாத்தியா தம்பி?”

“இல்லண்ணே. பெட்ரோல்னு நெனச்சு...”

“பெட்ரோல்னு நெனச்ச. சரி, வயரப் பிடி.”

ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் சாய்த்துவைத்து செல்ஃப் அடித்தோம். பொறி வந்தது. ஆனால் மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து, சத்தமே இல்லாமல். நல்ல பொறி நீலமாக இருக்கும், சடக்கென்று காதில் விழும். பிறகு பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் தூக்கிவிட்டு மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிளக்கில் வராத பொறியெல்லாம் அங்கே இருந்தது, பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் பளிச் பளிச்சென்று. பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் அதே அளவுக்குக் குமிழ். மூன்று மாதம்கூட ஆகாத பாயிண்ட்.

கண்டன்சர் என்பது சுண்டுவிரல் நுனி அளவு தகர உருளை, ஒரே ஒரு வயர் நீட்டிக்கொண்டிருக்கும். பாயிண்ட் திறக்கிற கணத்தில், பொறிக்கான மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்காது, திறந்த இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்வது கண்டன்சர். வாங்கிக்கொண்டால்தான் காயிலின் காந்தப்புலம் ஒரேயடியாகச் சரியும், சரிந்தால்தான் பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு நூறு தடவை இது நடக்க வேண்டும். என் புதுக் கண்டன்சர் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்தது. சூடானதும் உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் கோளாறு போலவே நடித்திருக்கிறது.

அண்ணன் கேட்டார், “பழசு எங்க?”

தகர டப்பா டிக்கியிலேயே இருந்தது. பத்து நிமிடத்தில் பழைய கண்டன்சரையும் பழைய பாயிண்டையும் மாட்டினார். அந்தக் கண்டன்சர் பெரியப்பா ஓட்டிய காலத்தது. வருடங்கள் ஆயிற்று, இன்றுவரை அதுதான் ஓடுகிறது. இப்போதெல்லாம் ஏதாவது கோளாறு என்றால் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இதில் கடைசியாக எதைத் தொட்டேன்? அறுபது வருடமாக ஓடிய சாமான் இன்று காலை கெட்டிருப்பதைவிட, போன வாரம் நான் மாட்டியது கெட்டிருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் ஆறு சாமான் மாற்றுவதும் நின்றது. ஒன்றை மாற்று, நூறு மைல் ஓட்டு, அடுத்ததைத் தொடு. கழற்றிய நல்ல சாமான் எதையும் எறிவதில்லை, டப்பாக்களின் எண்ணிக்கையைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போது நான் வேறு பேச்சு எடுத்துவிடுவேன்.

தலைப்பில் சொன்ன டேப்பட்டுக்கு வருகிறேன். வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “என்ன, எஞ்சின்ல டிக்கிடிக்கினு சத்தம் வருது?” என்றுதான். வரட்டும். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் அந்த வால்வுக்கும் நடுவே 0.30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளியில் தட்டுகிற சத்தம் அது. சத்தம் இல்லாமல் போனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம் ஈயம். பெட்ரோலில் ஈயம் கலந்தால் எஞ்சின் ‘நாக்’ அடிக்காது, அதாவது பெட்ரோல் உள்ளே தாறுமாறாக வெடிக்காது என்று தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்தார். விஷம் என்று தெரிந்தும் உலகம் முழுக்க அதை எரித்தோம். கடைசியாக விற்றுக்கொண்டிருந்த அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது. ஒழிந்தது நல்லதே, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய மெத்தை போலப் படிந்து இரும்பைக் காத்தது. அது இல்லாமல், எஞ்சினின் மேல்பாகமான பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் சூடான எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உள்ளே அமிழும். வால்வு அமிழ்ந்தால் அதன் தண்டு மேலே வரும், டேப்பட் இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். ‘எஞ்சின் எவ்வளவு அமைதியாகிவிட்டது’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். ஒரு நாள் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுதாக மூடாமல், விளிம்பு கருகிவிடும்.

அதனால் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை ராக்கர் கவரைத் திறக்கிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், விடிகாலைதான் சரியான நேரம். பிளக்கைக் கழற்றிவிட்டால் கைப்பிடியால் சுலபமாகச் சுற்றலாம். எட்டு வால்வு, கணக்கு ஒன்பது. முன்னாலிருந்து எண்ணி, எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்தால் இரண்டாவது, ஆறாவது திறந்தால் மூன்றாவது. எப்படிக் கூட்டினாலும் ஒன்பது வரும். ஃபீலர் தகட்டை நுழைத்து இழுக்கும்போது பக்கம் புரட்ட எச்சில் தொட்ட விரலை ஒரு தாளின்மேல் இழுப்பது போன்ற ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே ஒரு மயிரிழை சுற்றிக்கொள்ளும், அதற்கு முன்கூட்டியே இடம் விட்டுவைக்கக் கை பழக வேண்டும். என் கை இன்னும் முழுதாகப் பழகவில்லை. எட்டில் இரண்டையாவது திரும்பச் செய்வேன். கெட்டிப்பட்ட எஃகு இருக்கை போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை, ஹெட்டைக் கழற்ற வேறு காரணம் வரும் நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நான் ஓட்டும் வேகத்துக்கு அவசரமில்லை.

கிரீஸ் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் அடியில் டிரனியன் என்று ஒன்று இருக்கிறது. மரையில் சுழலும் உலோகத் துண்டு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புதியதை அடிக்க வேண்டும். விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் கழன்றுகொள்ளும், சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது, மெதுவாகப் போகையில்தான் இது நடக்கும் என்பதில் ஒரு ஆறுதல். டயருக்கும் இதே எச்சரிக்கை. இந்த வண்டிகளின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ இன்னும் அப்படியே இருக்கிறதே என்று பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

மின்சாரம் பற்றி நிறைய கேலி உண்டு. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுக் கோளாறு எர்த் இணைப்பில் பிடித்த துருதான், உப்புத்தாளால் தேய்த்தால் போகும். கவனிக்க வேண்டியது வேறு. இந்த வண்டியில், இன்றைய வண்டிகளுக்கு நேரெதிராக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்கிறது. அது தெரியாமல் பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட வந்த நல்ல மனசுக்காரர் ஒருவரை நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். போன் சார்ஜர் ஒன்றைப் புகையவிட்டது நானேதான். இன்னொன்று, ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. நின்றுகொண்டிருக்கும்போது சார்ஜ் ஆகாது. இரவில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் தூங்கி வழியும், கிளம்பினால் கண் திறக்கும்.

இதையெல்லாம் மாற்றிவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் பாயிண்ட், டிஸ்க் பிரேக் எல்லாம் கிடைக்கின்றன. தினமும் ஓட்டுகிறவர் போட்டுக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பா வைத்த எதையும் தொடாமல் காப்பேன் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. சீட் பெல்ட் போட்டேன். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி பிரேக் விளக்குக்குப் பிரகாசமான பல்ப் போட்டேன். துளையிடாமல் மாட்டி, துளை தெரியாமல் கழற்ற முடிந்தால் எதையும் போடலாம் என்பது என் அளவுகோல். பாயிண்டை மட்டும் விட மனமில்லை. பாதிவழியில் கெட்டால் ஒரு உப்புத்தாள் துண்டை வைத்து அதை நான் சரிசெய்துவிடுவேன், மூடிய எலக்ட்ரானிக் பெட்டி கெட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

துரு, தகர வேலை, பெயிண்ட் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. கதவுக்கு அடியில் பட்டி பூசி மறைத்த இடம் ஒன்று இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. அதை இந்த வருடம் பிரித்துப் பார்ப்பதாகப் போன வருடமும் சொன்னேன்.

இப்போதைய தொந்தரவு டிராஃபிகேட்டர். 1961 வரை மைனர்களில் பெரும்பாலும் மினுக்கும் சிக்னல் விளக்கு கிடையாது. கதவுத் தூணுக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை மேலே எழும். எழ வேண்டும். வலப்பக்கக் கை எழுகிறது, அதற்குள் இருக்கும் பல்பும் எரிகிறது. இடப்பக்கம் பாதியில் சிக்கிக்கொள்கிறது, ஒரு சொட்டு மெல்லிய ஆயில் விட்டேன், இரண்டு நாள் எழுந்தது, மறுபடி பழைய குணம். நேற்று திருப்பத்தில் சுவிட்சைப் போட்டதும் என் மகள், கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, முழங்கையால் தூணில் ஒரு இடி இடித்தாள்.

“வந்துடுச்சுப்பா, திரும்பு.”